வாய்க்காலில் ஆரம்பித்துக் கல்லணை வரை: பிள்ளைகளைக் களப்பயணம் கூட்டிப்போவது எப்படி

2009-ல்தான் முதன்முதலாகப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனேன். ஒரே நாளில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில், சரசுவதி மகால் நூலகம், சிவகங்கைப் பூங்கா, கடைசியில் கல்லணை. மறுநாள் வகுப்பில் "பார்த்ததை எழுதுங்க" என்றேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலே வரி எழுதியிருந்தான். மூன்று வரி, வேனில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்று. நாலாவது வரி, "கல்லணையில் ரோஸ்மில்க் குடித்தேன்."

அவன்மேல் கோபமே வரவில்லை. அந்த நாளில் உண்மையாக நடந்ததைத்தான் அவன் எழுதியிருந்தான். நாலு இடத்தையும் நான் காட்டினேன், அவன் எதையும் தேடிப் போகவில்லை. தேடாதவன் கண்ணில் ராஜராஜன் கோபுரமும் ஒன்றுதான், பஸ் ஸ்டாண்டும் ஒன்றுதான்.

அதற்கப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன். வருஷத்துக்கு ஒரு பெரிய பயணம், ஒரே இடம், ஒரே கேள்வி. அதைச் சுற்றி ஆறு வாரப் பாடம். பயணம் கடைசியில் வராது, நாலாவது வாரத்தில் வரும். இதில் ரொம்ப முக்கியம் அதுதான். "பாடம் முடிந்தது, பரிசாகச் சுற்றுலா" என்று வைத்தால் அது பரிசாகவே போய்விடும். நடுவில் வைத்தால், போகும்போது பிள்ளைகள் கையில் கேள்வி இருக்கும், வந்த பிறகு அதை வைத்துச் செய்ய வேலையும் இருக்கும்.

எங்களுடையது ஒரத்தநாட்டுப் பக்கம் ஈராசிரியர் பள்ளி. பின்சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. புதாற்றிலிருந்து, அதாவது கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிந்து வருவது. எனவே எங்கள் கேள்வி ரொம்ப எளிது: "இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?" உங்கள் ஊரில் வாய்க்கால் இல்லாவிட்டால் வேறு கேள்வி எடுங்கள். கடலோரம் என்றால் ஐஸ் பெட்டியில் மீன் எங்கே போகிறது என்று கேட்கலாம், திருப்பூர்ப் பக்கம் என்றால் பனியனுக்கு நூல் எங்கிருந்து வருகிறது என்று. பிள்ளை தினமும் மிதிக்கிற இடத்திலிருந்து கேள்வி கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வாரம்: பள்ளிக்கூடத்தைச் சுற்றி

முதலில் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, சரியோ தப்போ, பெரிய சார்ட்டில் அப்படியே எழுதி ஒட்டுங்கள். எங்களுக்கு வந்த பதில்கள்: மேட்டூர், மோட்டார், கடல், "எங்க சித்தப்பா தொறந்துவிடுவாரு." எதையும் திருத்த வேண்டாம். பயணம் போய் வந்த பிறகு அவர்களே அடித்துத் திருத்துவார்கள். சித்தப்பா பதில் எவ்வளவு சரி என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

அப்புறம் வாய்க்கால் கரையோடு ஒரு நடை. நாற்பது நிமிஷம் போதும். வாய்க்கால் எங்கே பிரிகிறது, எங்கே மதகு, யார் வயலுக்கு முதலில் பாய்கிறது, யாருக்குக் கடைசி. ஆளுக்கு ஒரு அட்டையும் பென்சிலும் கொடுத்துப் படம் போடச் சொல்லுங்கள். நின்று போட வேண்டும். உட்கார்ந்தால் எறும்பு பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அது தப்பில்லை, அது வேறு பாடம்.

அதே வாரம் வீட்டுக் கணக்கு ஒன்று. வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர்? முதலில் குடத்தை அளக்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி அளந்தபோது எங்கள் பிளாஸ்டிக் குடம் ஒன்று 13 லிட்டர் பிடித்தது, இன்னொன்று 15. "அப்ப நாலு குடம்னா எவ்வளவு டீச்சர், யார் வீட்டுக் குடம்?" என்று ஒருத்தி கேட்டாள். அலகு எதற்கு என்று பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தாலும் இந்தக் கேள்வி வராது.

தண்ணீரின் வேகம்

இரண்டாவது வாரம். கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு முளை அடியுங்கள். மேல் முளைக்கு நேராக எதையாவது மிதக்கவிட்டு, கீழ் முளைக்கு எத்தனை விநாடியில் வருகிறது என்று பார்ப்பது. என்னத்தை மிதக்கவிடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பூவரசு இலையைக் காற்று தள்ளிவிடும். எலுமிச்சம்பழம் போட்டோம், முழுகிவிட்டது. தென்னங்குரும்பைதான் சரி. பெரும்பாகம் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், காற்று பிடிக்காது, காசும் இல்லை. மூன்று தடவை விட்டுச் சராசரி எடுங்கள்.

எங்களுக்கு ஏறக்குறைய 20 விநாடி வந்தது. அதாவது விநாடிக்கு அரை மீட்டர். பிறகு மாவட்ட வரைபடத்தில் கால்வாயின் வளைவோடு நூல் வைத்து அளந்தோம். கல்லணையிலிருந்து எங்கள் ஊருக்கு 70 கிலோமீட்டர் சுமாருக்கு வந்தது. இந்த வேகத்தில் தண்ணீர் வர எவ்வளவு நேரம்? கரும்பலகையில் போட்டால் 39 மணி நேரம். ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம் கூட.

இந்த இடத்தில் வருஷா வருஷம் நான் செய்யும் ஒரு வேலையைச் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள், தண்ணீர் இருந்தால். மூன்று நாலு நாள் கழித்துக் கல்லணை திறக்கும். பள்ளி திறந்த கையோடு வரும் செய்தி இது. செய்தித்தாளை வெட்டி ஒட்டித் தேதியை எழுதி வைத்துவிடுவோம். பிறகு எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிற நாளை முதலில் பார்க்கிறவர் வந்து சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ஒன்பதாவது நாள் வந்தது. கணக்குப்படி ஒன்றரை நாள், வந்ததோ ஒன்பது நாள். மீதி நாளெல்லாம் தண்ணீர் எங்கே இருந்தது?

பதிலைச் சொல்லிவிடாதீர்கள். காய்ந்த கால்வாய் முதலில் குடிக்கும், வழியில் ஏரி நிரப்புவார்கள், ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூக்குவார்கள். இதையெல்லாம் பிள்ளைகள் வீட்டில் கேட்டுக்கொண்டு வருவார்கள். அந்த வாரம் பெற்றோர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

மணலில் ஓர் அணை

மூன்றாவது வாரம் செய்முறை. ஓரம் உயர்ந்த பழைய தட்டு அல்லது பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம், ஆற்று மணல், முஷ்டி அளவு கற்கள், களிமண், அடியில் ஓட்டை போட்ட பாட்டில். தட்டைச் சற்றுச் சாய்வாக வைத்து மணலை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். நடுவில் ஒரு கல்லை வைத்து மேலிருந்து தண்ணீர் விடுங்கள். கல்லைச் சுற்றி நீர் சுழன்று அடியிலிருக்கும் மணலை அரிக்கும், கல் கீழே இறங்கும். "டீச்சர், கல்லு முழுகுது!"

"இப்ப என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒருவர் மேலே இன்னொரு கல் வைப்பார். அதுவும் இறங்கும். இன்னொன்று. ஒரு கட்டத்தில் இறங்குவது நின்றுவிடும். இடுக்கில் களிமண் அப்பினால் தண்ணீர் தேங்கும். ஆற்று மணலில் அஸ்திவாரம் தோண்டாமல் கரிகாலன் காலத்தில் அணை கட்டிய விதம் இதுதான் என்று சொல்லப்படுகிறது. சுமார் 329 மீட்டர் நீளத்துக்கு. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இந்த அடித்தளத்தைப் பார்த்துத்தான் ஆழம் தெரியாத மணலில் கட்டுவதைக் கற்றுக்கொண்டார். 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கியவர் அவர். கதையை முதலில் சொல்லாதீர்கள். கல் முழுகின பிறகு சொன்னால் அது கதையாக இருக்காது, அவர்கள் செய்ததையே வேறு யாரோ செய்திருக்கிறார்கள் என்றாகிவிடும்.

இன்னொரு மாதிரியும் செய்யலாம், இடம் இருந்தால். பள்ளிக்குப் பின்னால் மண்ணில் சிரட்டையால் ஓர் ஆறு தோண்டி அதை நாலாகப் பிரிப்பது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். கொள்ளிடத்தை மட்டும் மற்றதைவிட ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டால் எல்லாம் கொள்ளிடத்துக்கே ஓடிவிடும். அப்போதுதான் கல்லணை எதற்கு என்று புரியும். திருவரங்கத் தீவின் கிழக்குக் கோடியில் காவிரித் தண்ணீர் பள்ளமான கொள்ளிடத்துக்கு நழுவிவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஷட்டருக்குத் தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வெட்டிக்கொள்ளலாம். அட்டை ஊறிவிடும்.

கடைமடை விளையாட்டு

ஒரே ஒரு செயல்பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பன்னிரண்டு பிள்ளைகளை வரிசையாக நிற்க வையுங்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம், வேண்டுமென்றே அளவு வேறு வேறாக: சிலருக்கு டம்ளர், சிலருக்குச் சொம்பு, ஒருவருக்குச் சின்ன வாளி. ஒரு வாளித் தண்ணீரை முதல் ஆளிடம் கொடுத்து, "உனக்கு வேணுங்கிறதை எடுத்துட்டு அடுத்தவங்ககிட்ட கொடு" என்பதுதான் விதி.

நாங்கள் விளையாடியபோது ஏழாவது பிள்ளையிடம் வாளி காலியாக வந்தது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை பாத்திரம் காய்ந்திருந்தது. கடைசியில் நின்ற பெண் கோபத்தோடு, "எங்கப்பா சொல்ற மாதிரியே இருக்கு" என்றாள். அவர்கள் வயல் கடைமடை, வாய்க்காலில் கடைசியாகத் தண்ணீர் பாய்கிற இடம். அந்த வருஷம் நாற்றங்காலே காய்ந்துபோயிருந்தது.

இப்போது விதியை அவர்களையே போடச் சொல்லுங்கள். சத்தம் வரும், சண்டை வரும், வரட்டும். "எல்லாருக்கும் ஒரே அளவு" என்றார்கள் முதலில். பெரிய வயல்காரர் பிள்ளை எழுந்து, "பத்து மா நிலத்துக்கும் ரெண்டு மா நிலத்துக்கும் ஒரே அளவா?" என்றான். பிறகு "கடைசி ஆளுக்கு முதலில்" என்று ஒரு யோசனை. கடைசியில் நாள் முறை வைத்தார்கள்: இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம். முறைப்பாசனம் என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன்.

அனுமதி, பணம், வேன்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் சுவை ஒன்றும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம், தலைமையாசிரியர் கையெழுத்தோடு. அதில் "சுற்றுலா" என்று எழுதாமல் "களப்பயணம்" என்று எழுதி, எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தக் கற்றல் விளைவு என்று அரைப் பக்கம் சேருங்கள். "பாடத்தில் எங்கே இருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் முதலிலேயே போய்விடும். பெற்றோர் சம்மதக் கடிதம் இல்லாத பிள்ளையை எவ்வளவு அழுதாலும் ஏற்றாதீர்கள்.

பணத்துக்கு, யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்பது வகுப்பில் யாருக்கும் தெரியக்கூடாது. நான் மாதம் இருபது ரூபாயாக ஜூனிலிருந்தே சேர்ப்பேன். குறைவதை மேலாண்மைக் குழுவில் இரண்டு பேர் சத்தமில்லாமல் போட்டுவிடுவார்கள்.

வேனுக்கு முன்பணம் கொடுக்கும் முன் வண்டியை நேரில் பாருங்கள். ஒரு தடவை போனில் பேசி முடித்தேன். வந்த வண்டியில் பாதிச் சன்னலுக்குக் கண்ணாடி இல்லை, திருப்பி அனுப்பிவிட்டோம். பயணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. பிள்ளைகள் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நாள் தேர்வு: தண்ணீர் ஓடும் மாதமாக இருக்க வேண்டும், ஆனால் வெள்ளம் வரும் நாளாக இருக்கக்கூடாது. முதல் நாள் செய்தியில் கொள்ளிடத்தில் உபரிநீர் திறப்பு என்று வந்தால் ரத்து செய்துவிடுங்கள், வாதமே வேண்டாம். ஆடிப்பெருக்கை ஒட்டியும், ஞாயிற்றுக்கிழமையிலும் போகாதீர்கள். கூட்டத்தில் பிள்ளைகளை எண்ணுவதற்கே பொழுது போய்விடும்.

எண்ணுவது பற்றி. ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, அவர்களே வரிசையாகச் சொல்ல வைப்பது நல்ல முறை. நாம் தலையை எண்ணக்கூடாது. நான் எண்ணினேன் ஒரு தடவை. 31 பேரோடு போனோம், திரும்ப ஏறும்போது 32. குறைந்தால்தான் பயம் என்று நினைத்திருந்தேன், கூடினாலும் கைகால் நடுங்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அரசுப் பள்ளிச் சீருடை எங்கும் ஒன்றுதானே? பக்கத்து வேனுக்குப் போக வேண்டிய பையன் எங்கள் வண்டியில் ஏறி, ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து என் பழைய பச்சைப் புடவை ஒன்றைப் பட்டை பட்டையாகக் கிழித்து எல்லார் மணிக்கட்டிலும் கட்டிவிடுகிறேன். அதில் என் போன் எண்ணும் இருக்கும்.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். மேலாண்மைக் குழு அம்மாக்களைக் கூப்பிடுங்கள், ஆனால் சொந்தப் பிள்ளை இருக்கும் குழுவை அவரிடம் கொடுக்காதீர்கள். வாந்தி வருகிற பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழமும் பையும். வெறும் வயிற்றோடு கிளம்புவதுதான் பெரும்பாலும் காரணம். இப்போது காலை உணவுத் திட்டம் இருப்பதால் பள்ளியிலேயே சாப்பிட வைத்து, கால் மணி நேரம் கழித்து வண்டி எடுக்கிறோம்.

கல்லணையில்

தஞ்சாவூர், திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போவோம். போகும்போதே வலது ஜன்னல்காரர்கள், இடது ஜன்னல்காரர்கள் என்று பிரித்து, பாலம் தாண்டும்போதெல்லாம் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று குறிக்கச் சொன்னால் பாட்டுச் சண்டை குறையும்.

இறங்கியதும் முதல் விதி: படிக்கட்டில் யாரும் காலை நனைக்கக்கூடாது. அமைதியாக ஓடுவது போலத் தெரியும், அடியில் இழுக்கும். இதில் நான் கொஞ்சம்கூட இளகுவதில்லை. குளிக்க ஆசைப்படும் பெரியவர்களையும் சேர்த்துத்தான்.

பிறகு நாலு குழு. ஒரு குழுவுக்கு ஓர் ஆறு. பாலத்தின் மேல் ஓரமாக நடந்து, தங்கள் ஆற்றுக்கு எத்தனை ஷட்டர், இன்று எத்தனை திறந்திருக்கிறது, தண்ணீர் என்ன நிறம், எந்தத் திசை என்று எழுத வேண்டும். ஷட்டர் எண்ணிக்கையை நான் இங்கே சொல்லப்போவதில்லை, உங்கள் பிள்ளைகள் எண்ணட்டும். இரண்டு பேர் எண்ணினால் இரண்டு விடை வரும், திரும்ப எண்ணுவார்கள், அதற்குத்தான் வந்திருக்கிறோம். வண்டி போகிற பாலம் என்பதால் பெரியவர் ஒருவர் சாலைப் பக்கமாக நடக்க வேண்டும்.

கல்லணைக் கால்வாய் எடுத்த குழுதான் எங்களுக்கு முக்கியம். மேட்டூர் அணையோடு 1934-ல் வந்த கால்வாய் அது, மற்ற ஆறுகளைப் பார்க்கச் சின்னது. அதன் முன்னால் நின்றதும் ஒரு பையன், "இதுவா நம்ம ஊருக்கு வர்றது?" என்றான். கையிலிருந்த குரும்பையைத் தூக்கிப் போட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தேதி, நேரம் எழுதிக்கொண்டார்கள். இரண்டு நாள் பள்ளிச் சுவரோரம் காவல் நின்று பார்த்தார்கள், வரவில்லை. வந்திருந்தாலும் எது அவன் குரும்பை என்று எப்படித் தெரியும்?

கரிகாலன் மணிமண்டபத்துக்கு அரைமணி நேரம், சாப்பாட்டுக்கு முக்கால் மணி. புளிசாதமும் உருளைக்கிழங்கும் கெடாது. செலவுக்கு ஆளுக்கு இருபது ரூபாய்க்கு மேல் கொண்டுவரக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். ரோஸ்மில்க்குக்கு நான் தடை போடுவதில்லை.

திரும்பி வந்த பிறகு

மறுநாள் கட்டுரை கேட்காதீர்கள். மறுநாள் பேசட்டும். மூன்றாம் நாள் முதல் வாரச் சார்ட்டை இறக்கி, எந்தப் பதிலை அடிக்கலாம் என்று கேளுங்கள். கடலை அடித்தார்கள். மோட்டாரைப் பாதி அடித்தார்கள், ஆழ்குழாய்க் கிணற்றுக்காரர்கள் விடவில்லை. மேட்டூர் நின்றது. "எங்க சித்தப்பா" பற்றிப் பெரிய விவாதம்.

அதைத் தீர்க்க, ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவரை வரவழைத்தோம். முப்பது வருஷம் புதாற்றில் ஷட்டர் ஏற்றி இறக்கியவர். ஊரில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். பேச்சாளராக மேடையில் நிறுத்தாமல் திண்ணையில் உட்கார வைத்து, பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள். ராத்திரி மழையில் ஷட்டர் திறக்கப் போனது, இரண்டு ஊர் ஆட்கள் தடியோடு வந்தது, சாவியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியது, எல்லாம் சொன்னார். பிள்ளைகள் தாங்கள் போட்ட முறைப்பாசன விதியை அவரிடம் படித்துக் காட்டினார்கள். கேட்டுவிட்டு, "ராத்திரியில யாரு காவல்?" என்று ஒரே கேள்வி கேட்டார். அதை அவர்கள் எழுதியிருக்கவில்லை. உட்கார்ந்து இன்னொரு விதி சேர்த்தார்கள்.

கடைசி வாரம் சுவர் வரைபடம். தலைமடையிலிருந்து பள்ளி வரை, அவரவர் பார்த்ததை அவரவர் வரைந்து ஒட்டுவது. செய்தி ஒட்டித் தேதி எழுதிய தாளை மட்டும் கிழிக்காமல் பீரோவில் வையுங்கள். கல்லணை திறந்த நாள், வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாள். எங்களிடம் இப்போது பல வருஷத்து வரிசை இருக்கிறது. ஜூன் வந்தால் நாலாம் வகுப்புக்காரர்கள் வந்து பீரோச் சாவி கேட்கிறார்கள்.